பாம்பு எனக்கு, விஷம் அண்ணனுக்கு

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் வழியாகப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் மடியிலிருந்த துணிப்பையைத் தட்டி, "பாம்பு பூரா என்கிட்டதான் இருக்கு" என்றார். நான் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். பைக்குள் இருந்தது புத்தகம்தான் என்று தெரிந்த பிறகும் இறக்கவில்லை.

"எழுத்துப் பக்கமெல்லாம்?" என்று கேட்டார் அவர் பக்கத்தில் இருந்த அவருடைய மாப்பிள்ளை.

"அது அண்ணனுக்கு. பாகப்பிரிவினையில அப்பா சேத்த பழைய புத்தகமெல்லாம் ஆளுக்குப் பாதி. இந்தப் பாம்புப் புத்தகம் ஒண்ணு மிஞ்சிச்சு. பஞ்சாயத்துல அறுத்துக் குடுத்துட்டாங்க. பின்னாடி இருந்த படமெல்லாம் எனக்கு, எந்தப் பாம்புக்கு விஷம்னு எழுதுனது அவருக்கு."

"வெள்ளைக்கார டாக்டர் வச்சிருந்த புத்தகமாச்சே மாமா! முதல் பக்கத்துல அவர் கையெழுத்து இருக்குமே?"

"அதையும் கிழிச்சாச்சு. ஆளுக்குப் பாதிப் பேரு. அந்தக் கையெழுத்துக்காகவே மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வாங்க வந்தாரு. பாத்துட்டுத் தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாரு."

"பெரிய மாமாகிட்டப் பேசி ஒட்டிறலாமுல்ல?"

"நேத்து அவரே ஆள் அனுப்புனாரு. கொல்லையில மகளை ஏதோ கடிச்சிருச்சாம். பாம்பை அடிச்சுப் போட்டுருக்காங்களாம். என்ன பாம்புன்னு படத்தைப் பாக்கணுமாம்."

"காட்டுனீங்களா?"

"என் பங்கை நான் ஏன் காட்டணும்?"

"புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நான் கேக்கலை."

அன்னவாசல் வந்ததும் முன் சீட்டுக்காரர் பையை அணைத்துக்கொண்டு இறங்கினார். பஸ் கிளம்பிய பிறகுதான் நான் காலைக் கீழே வைத்தேன்.