கொட்டகைச் சாவி என்னிடம்தான் இருந்தது

விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய அவசியம் எங்கள் புதுச்சேரியில் கிடையாது. இருவருக்கும் பொதுவாக மூன்றாவது ஆள் ஒருவன் இருப்பான். பணமும் பத்திரமும் அவனிடம் இருக்கும். எல்லாம் சரி என்று அவனுக்குத் தெரிந்த பிறகுதான் இரண்டும் கை மாறும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்த வேலையை நொத்தேர் செய்தார், அதாவது பத்திர அதிகாரி. அவரிடம் எழுத்தராக இருந்தவன் நான். அவர் காலமான பிறகும் ஜனங்கள் என்னைத் தேடி வந்தார்கள். வீடு, மனை, விசைப்படகு எல்லாம் என் கையால் மாறியிருக்கின்றன. 1979-ல் ஒரு விமானமும் மாறியது.

அது வயலுக்கு மருந்தடிக்கிற சின்ன விமானம். விற்றவர் தொமினிக். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். குடும்பத்தோடு பிரான்சில் துலோன் நகரத்துக்கே போய்விட நினைத்தார். வாங்க வந்தவர் முதலியார்பேட்டை இராமதாஸ். அதே விமானத்தைச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர், சொந்தமாக்கிக்கொள்ள ஆசைப்பட்டார்.

இராமதாஸ் மனைவி வசந்தாவோடு என் வீட்டுக்கு வந்தார்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இவ்ளோ யோசிக்கலண்ணே" என்றார்.

"யோசிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள் வசந்தா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, பழைய வண்டி. சம்பளத்துக்கு ஓட்டினப்ப மாசத்துக்கு ஒருவாட்டி ஆளு வந்து பாப்பாங்க. இனிமே யாரு பாக்கப் போறா? நல்லா இருக்குன்னு நீங்க சொன்னாதான் இவரு ஏறணும். இல்லன்னா வேணாம். எனக்கு இவரு வேணும்."

நான் சரி என்றேன்.

விமானத்தின் பேரில் வங்கிக் கடன் இருக்கிறதா, வேறு யாருக்காவது பங்கு இருக்கிறதா என்று டெல்லிக்கு எழுதிக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் கரம்பில் விமானம் நின்ற கொட்டகையைப் பூட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன். சோதித்துப் பார்க்க மெட்ராஸிலிருந்து அரிகிருஷ்ணன் என்ற இன்ஜினியரை வரவழைத்தேன். அப்படி வருகிறவர் விற்கிறவரிடமும் பேசக்கூடாது, வாங்குகிறவரிடமும் பேசக்கூடாது. என்னிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். யாரும் அவரை விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக நொத்தேர் காலத்திலிருந்து வந்த முறை அது.

பஸ் ஏறும்போது அவர் சொன்னார்: "இடது ரெக்கையத் தாங்குற கம்பியில விரிசல் இருக்கு சார். மாத்தாம மேல ஏத்தக்கூடாது. கம்பி வெளிநாட்டுலேர்ந்து வரணும், ஆறு மாசம் ஆகும். சாவியக் குடுத்துடாதீங்க."

அன்று மாலையே இருவருக்கும் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்பதையும் மறைக்கப் போவதில்லை.

தொமினிக்கின் மகள் செசிலை என் மகன் ஆலேனுக்குப் பேசி வைத்திருந்தோம். அவளைக் கட்டினால் அவனும் பிரான்சுக்குப் போகலாம். எங்கள் ஊரில் அதற்கு என்ன மதிப்பு என்று சொல்லத் தேவையில்லை. 62-ல் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டபோது, அப்பா பேச்சைக் கேட்டு நானும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்து நினைத்தே நான் நடுவயதுக்கு வந்தவன். காரைக்காலில் இன்னொரு குடும்பமும் செசிலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

தொமினிக் வெளிப்படையாகவே சொன்னார்: "தேவதாஸ், விமானம் வித்தாத்தான் எனக்குக் கையில பணம் வரும். இல்லன்னா கல்யாணத்த அடுத்த வருசம் பாக்கலாம். காரைக்கால்காரங்க சும்மா இருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

"எல்லாம் நல்லபடியா முடியும் முசியே" என்றேன். விரிசல் விஷயம் அவருக்கும் தெரியாது.

மறுநாள் இராமதாஸ் வந்தார்.

"இன்ஜினியர் பாத்துட்டாராண்ணே?"

"பாத்துட்டாரு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மூன்றாவது ஆளிடம் துருவிக் கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. சாவி கைக்கு வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். சாவியைக் கொடுத்தேன். பணத்தைத் தொமினிக்கிடம் சேர்த்தேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. இன்ஜினியர் பார்த்தது உண்மை.

மருந்தடிக்கிற பருவம் தொடங்க இன்னும் நாள் இருந்தது. நிச்சயதார்த்தம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வருடம் மணிலாவில், அதாவது நிலக்கடலையில், பூச்சி முன்னாலேயே விழுந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு இராமதாஸ் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சாப்பிட்டார். போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு பாகூர் பக்கம் மருந்தடிக்கப் போறேண்ணே. சொந்த வண்டியில மொத வேலை. எல்லாம் உங்க புண்ணியம்."

உள்ளே செசிலுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "பாத்துப் போப்பா" என்றேன்.

மணிலாக் கொல்லைக்கு மேலே திரும்பும்போது இடது இறக்கை பிய்ந்தது. கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த அஞ்சலாட்சி என்ற பெண்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். அவள் அதற்குப் பிறகு அந்தக் கொல்லைக்கு வேலைக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

விசாரணைக்கு டெல்லியிலிருந்து அதிகாரி வந்தார். அரிகிருஷ்ணன் உள்ளதைச் சொல்லிவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"நான் இராமதாஸ்கிட்ட சொன்னேங்க" என்றேன். "இந்தப் பருவம் ஓடட்டும், அப்புறம் மாத்திக்கிறேன்னு அவருதான் சாவிய வாங்கிக்கினாரு."

அதிகாரி என்னை இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. என் பேர் அப்படி. பின்னால் பெஞ்சில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் எழுந்து போன பிறகு என் பக்கத்தில் வந்தாள்.

"தெரிஞ்சேதான் ஏறினாராண்ணே?"

"ஆமாம்மா."

"என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலயா?"

"இல்லம்மா" என்றேன்.

ஆலேனும் செசிலும் துலோனில் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களை என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. மாதா கோயில் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். இராமதாஸைக் கொன்றவன் நான். செத்த மனுஷன் மேல் பழியைப் போட்டவனும் நான். எட்டு வருடமாக வெட்கத்தைத்தான் தின்கிறேன்.

வசந்தா தையல் வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கிறாள். வீட்டில் இராமதாஸ் படம் இல்லை. போன மாதம் கடைத்தெருவில் பார்த்தபோது, "எங்களவிட அவருக்கு அந்த வண்டிதாண்ணே பெருசா போச்சு" என்றாள். பேச்சில் அழுகை இல்லை. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடமும் நிமிர்ந்து நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது. இப்போது போய் உண்மையைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள். இவ்வளவு செய்துவிட்ட நான், அவளுக்கு அந்தக் கெடுதலை மட்டும் செய்ய மாட்டேன்.