பஞ்சர் ஆகாத டயர்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறியில் புஷ் தேய்ந்துவிட்டது சார். கடகடவென்று அடித்துக்கொள்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு எப்படித்தான் வேலை பார்க்கிறீர்களோ. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது, உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. நாற்காலியைக் கொஞ்சம் சன்னல் பக்கம் போட்டுக்கொள்கிறேன். சாலை தெரிந்தால் போதும். சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்கிறீர்கள், சரி. இந்தச் சுகுமார் சொன்ன பேச்சைக் கேட்கிறவன் என்று மானாம்பதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பஞ்சர் கடை தானியேல் உங்களிடம் சொன்னது உண்மைதான். அன்றைக்கு நான் கொண்டுபோன டயரில் ஓட்டை எதுவும் இல்லை.

அப்பா செத்தபோது தம்பி தமிழ்வாணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. நான்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அவனைப் படிக்க வைத்தேன், கல்யாணமும் செய்து வைத்தேன். எனக்குப் பெண் பார்க்க நேரம் வாய்க்கவில்லை, அதில் குறை ஒன்றும் இல்லை. ஜெயப்பிரியா வந்தாள், பாப்பா பிறந்தாள். நாலு பேரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். ஒரு மனிதனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அவனுக்குத்தான் போதவில்லை. ஒரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, வீடும் பார்த்தாகிவிட்டது என்று ஒரு நாள் வந்து நின்றான். என்னிடம் கேட்கவில்லை சார், சொன்னான்.

அப்பா வாங்கிய பழைய வெள்ளைக் கார் ஒன்று வீட்டில் உண்டு. முன்சக்கரங்களைத் தாங்கும் சாமான்கள் எல்லாம் தேய்ந்து, குழியில் இறங்கினால் உங்கள் மின்விசிறி மாதிரிதான் அடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே அதை உத்திரமேரூருக்கு அப்பால் யாரும் எடுத்துப் போகமாட்டோம். “இத்த ரெடி பண்ணிட்டு இதுலயே கெளம்பிடலாம்ணா” என்றான் தம்பி. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வாசலிலேயே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டான். ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டி விளக்கம் வேறு.

“சக்கரத்தப் புடிச்சிக்கினு கீது பாரு, இந்த பால் ஜாயிண்ட், இது கழண்டுச்சுன்னா சக்கரமே மடிஞ்சிடும். ஓட்டத்துல ஆச்சுன்னா வண்டி கவுந்துடும்ணா. பாப்பாவ வச்சிக்கினு போவணும்ல.”

நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

முதலில் சின்னதாகத்தான் ஏதாவது செய்து பார்த்தேன். காஞ்சிபுரத்துக்கு நானே போய் அளவு சேராத புஷ் வாங்கி வந்தேன். அவன் சிரித்துக்கொண்டே போய் மாற்றி வந்தான். ஒரு போல்ட்டை எடுத்து நெல் மூட்டைக்குள் போட்டேன். வாசலெல்லாம் தேடிவிட்டு, “எலி இழுத்துக்கினு போயிருக்கும்ணா” என்று வேறொன்று வாங்கிக்கொண்டான். என்மேல் அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜாக்கியில் காரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினால், அந்தச் சக்கரத்தையே காருக்கு அடியில் படுக்கவைத்துத் தள்ளிவிடுவது வழக்கம். ஜாக்கி சரிந்தாலும் கார் டயர்மேல்தான் உட்காரும், ஆள் பிழைத்துக்கொள்வான். அன்று காலை தம்பி அடியில் படுத்து, உள்பக்கத்து போல்ட் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். துருப்பிடித்து அசையவே இல்லை. ஸ்பேனரில் மாட்டி இழுக்க, மோட்டார் கொட்டகையிலிருந்து நீளமாக ஒரு குழாயை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணன் செய்யாமல் யார் செய்வார்கள்? பிறகு, டயரில் காற்று கம்மியாகத் தெரிகிறது, தானியேலிடம் காட்டி வருகிறேன் என்று, காருக்கு அடியில் கிடந்த அந்தச் சக்கரத்தை வெளியே உருவினேன்.

“டயர எடுத்துட்டா வெறும் ஜாக்கிதானேண்ணா கீது?”

“தோ வந்துட்டேன்டா. நீ அதுக்குள்ள வெளிய வந்துடு.”

“சரிண்ணா. இத்த மட்டும் ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு வந்துடறேன்.”

வெளியே வரச் சொன்னேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஜாக்கியை நான் தொடவே இல்லை. எடுத்த வேலையை அவன் பாதியில் விடமாட்டான் என்று தெரியும். அந்தக் குழாயைப் பிடித்துத் தம் கட்டி இழுத்தால் கார் ஆடும் என்றும் தெரியும். அவ்வளவுதான்.

தானியேல் டயரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தான். “இன்னாண்ணா, காத்து நல்லாத்தான் கீது. எடுத்துக்கினு போங்க” என்றான். மறுபடி பார் என்றேன். முழுச் சுற்றும் முக்கினான். நானும் குனிந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு குமிழ் வந்திருந்தால் என்மேல் எந்தத் தப்பும் இல்லை. வரவில்லை. பக்கத்துக் கடையில் டீ வாங்கி ஆறவைத்துக் குடித்தேன். பாதி டீயில் ஜெயப்பிரியாவின் போன் வந்தது. ஓடினேன், விழுந்து புரண்டு அழுதேன். அது நடிப்பு இல்லை சார், நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை.

ஒன்றுமில்லை, வெளியே ஏதோ வெள்ளைக் கார் போயிற்று, அதைப் பார்த்தேன். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஜெயப்பிரியா வந்தாள். “மாமா, நாங்க ஏனாத்தூருக்கு அம்மா வூட்டுக்கே போயிடறோம். அவரு உட்ட வேலைய நீங்க முடிச்சுக் குடுத்தீங்கன்னா, நானே ஓட்டிக்கினு போயிடுவேன்” என்றாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவன்தான். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். “அவரு வேலை செஞ்ச எடத்தப் பாக்க முடியல மாமா” என்று அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

எல்லாம் புதுசு போட்டேன். இப்போது அந்தக் காரில் ஒரு சத்தம் கிடையாது. பால் ஜாயிண்ட் நட்டை மட்டும் ஸ்பேனர் போடாமல் கையால் முடுக்கிவிட்டேன். அது கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு பின்னைச் செருகி, அதன் நுனியை மடக்கிவிட வேண்டும். அந்தப் பின் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. இதோ, உங்கள் மேசைமேல் வைக்கிறேன்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை சார். வழியில் கழன்றால் வண்டி நின்றுவிடும், அவள் என்னைத்தான் கூப்பிடுவாள், நான் போய் இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவேன். குடும்பம் என்றால் ஒன்றாக இருக்க வேண்டும்.

சற்று முன்னே போன வெள்ளைக் கார் எங்களுடையதுதான். வேகத்தடையில் மெதுவாகத்தான் ஏறி இறங்கியது, சத்தமே இல்லை. முன்சீட்டில் பாப்பா இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போனாள். ஓடிப்போய்க் குரல் கொடுத்திருந்தால் ஜெயப்பிரியா நிறுத்தியிருப்பாள். சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.