சீல் உடையாத பெட்டி

உலகத்தில் முதலில் உண்டானது வெளிச்சம் அல்ல, சத்தம். வெளிச்சத்தைக் கூப்பிடவே ஒரு குரல் வேண்டியிருந்ததே, அந்தக் குரல்தான் மூத்தது. இந்தப் பெரிய உண்மை எனக்குப் பிடிபட்டது எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், என் பதினைந்து வாட்ஸ் கிட்டார் ஆம்ப்ளிபயர் தகரடப்பாவுக்குள் மாட்டிய பூனை மாதிரி கத்திக்கொண்டிருந்தபோது.

ஐயா, நீங்கள் ஓய்வுபெற்ற நீதிபதி. எங்கள் சபைத் தேர்தல் தகராறை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். ஓட்டுப்பெட்டி எங்கே என்று கேட்டீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் விகாரமாகத் தெரியும். வரிசையாகச் சொன்னால் இதில் நியாயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

என் பெயர் கிருபாநிதி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருபத்தாறு வருஷமாக வேலை. கன்டெய்னர் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். ஐம்பத்திரண்டாவது வயதில் கிட்டார் வாங்கினேன். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு வாசிக்க வேண்டும் என்று ஆசை. ஆம்ப்ளிபயரோடு வந்த ஸ்பீக்கர் கேபினெட், மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை. தூத்துக்குடி உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் டீயில் விழுந்த ரஸ்க்காக ஊறி உப்பிவிட்டது.

கேபினெட் செய்வதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. முக்கால் இஞ்ச் பலகை, ஆடாத மூலைகள், காற்று கசியாத முதுகு, உள்ளே எதிரொலியை உறிஞ்ச மெத்தென்று ஏதாவது. அவ்வளவுதான். கன்டெய்னர் தரைப் பலகையில் ஒன்று அடித்துப் பார்த்தேன். கிட்டாரில் ஜி கார்டு போட்டால் மீன்தூள் வாடை வந்தது.

இந்தச் சமயத்தில்தான் தேர்தல். கிருபாகரன் அண்ணாச்சி ஒரு பக்கம். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கோயிலில் உள்ள பதினோரு ஃபேனிலும் அவர் பெயர் இருக்கிறது. காற்று வாங்குகிறவன் அவரையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பெனிஸ்டன் சார் மறுபக்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். செருப்பை வெளியே விடவும் என்பதைக்கூட மலைமேலிருந்து இறங்கி வந்தவர்போல் அறிவிப்பார். ஓட்டுப்போட்டு முடித்து எண்ணப்போகிற நேரத்தில் கோர்ட் தடை வந்தது. பெட்டியை அரக்கு வைத்து மூடி, ஒரு நடுநிலையாளர் வீட்டில் வைக்கச் சொன்னார்கள். ஜன்னல் திரையின் நிறத்தில்கூட ஒத்துப்போகாத இரண்டு அணியும் ஒத்துப்போன ஒரே விஷயம் நான்.

"ஏலே கிருபாநிதி, பெட்டி ஒங்கிட்ட இருந்தா கல்லறைக்குள்ள இருக்க மாதிரில" என்றார் அண்ணாச்சி.

"மிஸ்டர் கிருபாநிதி எந்த அணியிலும் இல்லாதவர். அவர் சபையில் இருப்பதே பலருக்குத் தெரியாது" என்று பெனிஸ்டன் சார் மைக்கிலேயே பாராட்டினார்.

பாடகர் குழுச் செயலாளர் பதவிக்கு நானும் நின்றிருந்தேன். கீபோர்டு வாசிக்கும் ஜெப்ஸி டீச்சரை எதிர்த்து. அது அண்ணாச்சிக்கும் சாருக்கும் நினைவில் இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. என் மனைவி செல்வராணி பாடகர் குழுவில் ஜெப்ஸி டீச்சருக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். "ஒங்களுக்குத்தான் போட்டேன், ஆல்டோ வரிசை பூரா ஒங்களுக்குத்தான்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

பெட்டி வந்த மறுநாள் சும்மா டேப் வைத்து அளந்தேன். பதினெட்டுக்குப் பதினாறு, பத்து ஆழம். முக்கால் இஞ்ச் பர்மா தேக்கு. மூலைகளில் ஒரு ஆணி கிடையாது, பல்லோடு பல் கோத்த பூட்டு. தட்டினால் வெண்கலம்போல் பேசியது. ஒன்பது மாதம் பொறுத்தேன். அப்படியொரு மரம் வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு சும்மா கிடப்பதைப் பார்க்கிற மனம் எல்லோருக்கும் இருக்காது.

மூடியில் இருந்த நான்கு அரக்கு சீல்களையும் நான் தொடவில்லை. தொழில் என்று ஒன்று இருக்கிறது. பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். மூடி முதுகாயிற்று, அடிப்பலகை முகமாயிற்று. அந்த முகத்தில் பத்து இஞ்ச் ஸ்பீக்கருக்கு வட்டமாக அறுத்தேன். சீட்டுகள் வெளியே விழுந்தன. விழுந்ததைத் திரும்ப உள்ளே போட்டேன். ஒன்றுகூடக் குறையவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரை மாட்டி வாசித்தேன். தேக்கு பேசியது, ஆனால் கூடவே சரசரவென்று ஒரு சத்தம். மடித்த காகிதங்கள் அதிர்ந்தன. சரி, பிரித்து நீவி, அடுக்காக ஒட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அத்தனையையும் பிரித்து நீவினேன். முந்நூற்று நாற்பத்தேழு. எல்லாவற்றையும் பிரித்து முடித்தபோதுதான், அடுக்கி ஒட்டுவது சரிவராது, கூழாக்கிப் பூசுவதுதான் ஒலியியல்படி சரி என்று எனக்குத் தோன்றியது.

வாளியில் ஊறப்போட்டு மாவு கிரைண்டரில் போட்டேன். செல்வராணி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னத்த ஆட்டுதிய?"

"பழைய பேப்பரு."

"தண்ணி காணாது. மோட்டாரு போயிரும்" என்று அவளே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். "நல்லா மையா ஆட்டுங்க."

மைதாப் பசை கலந்து, உள்சுவர் முழுக்க அரை இஞ்ச் கனத்துக்குப் பூசிக் காயவைத்தேன். இந்த அணி, அந்த அணி என்ற பேதமே இல்லை. சபை ஒன்றாக வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் வைக்கிறார்கள். என்னால் இரண்டு நாள் வெயிலில் முடிந்தது.

சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையன்று பந்தலில் வைத்து வாசித்தேன். முன்னால் கறுப்புத் துணி ஒட்டியிருந்தேன், முதுகைக் கோயில் சுவரோடு சேர்த்திருந்தேன். சத்தத்தைப் பற்றி நானே சொல்வது அழகல்ல. கிருபாகரன் அண்ணாச்சி இலையிலிருந்து எழுந்து வந்து பெட்டிமேல் கை ஊன்றினார்.

"என்னல சவுண்டு இது, நெஞ்சுக்குள்ள வந்து தட்டுதே. எங்கல வாங்குன?"

"வீட்லயே செஞ்சது அண்ணாச்சி."

பெனிஸ்டன் சாரும் வந்துவிட்டார். இருவரும் பெட்டிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று, ஓட்டுப்பெட்டியைச் சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டும், உண்மை தெரிய வேண்டும் என்று அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். பெனிஸ்டன் சார் பாயசத் தம்ளரை அதன்மேல்தான் வைத்திருந்தார். வட்டக் கறை இன்னும் இருக்கிறது, பார்க்கலாம்.

ஆமாம் ஐயா, உங்கள் மேசையில் இருப்பது அதுதான். நான் கிட்டாரும் கையுமாக வந்ததைப் பார்த்து யாரும் சந்தேகப்படவில்லை. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நான்கு சீலும் அப்படியே. பெட்டி என் பொறுப்பில் வந்தபோது எப்படி மூடியிருந்ததோ, அப்படியே மூடியிருக்கிறது. உள்ளே ஓட்டுகளும் இருக்கின்றன. எண்ணத்தான் முடியாது.

சபைத் தேர்தலை நாசமாக்கியவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சத்தத்துக்காகச் செய்தேன் என்றும் சேர்த்து எழுத வேண்டும். பகையோ பதவி ஆசையோ இதில் கிடையாது. ஓட்டுச்சீட்டுகளை நான் படிக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சுருக்கம் நீவ முடியாதே, அதனால் கடைசிக் கட்டம் மட்டும் கண்ணில் பட்டது. பாடகர் குழுச் செயலாளர் கட்டம்.

ஜெப்ஸி டீச்சருக்கு முந்நூற்று நாற்பத்தாறு. எனக்கு ஒன்று. அது நான் போட்டது. முத்திரை கோட்டின்மேல் விழுந்திருந்ததால் அதுவும் செல்லாது.