அஞ்சாம் நம்பர் சூடு

மத்தியானம் ரெண்டு மணி. கருங்குழி தாண்டி, ஜிஎஸ்டி ரோட்ல இருந்து உள்ள பிரியிற மண் ரோடு... ஒரு ஈ காக்கா கிடையாது. இன்னாடா சிரிக்கிற? பேய்க்கு ராத்திரிதான் டூட்டின்னு எவன் சொன்னான்? சுவேதா, அந்த செல்போனை அணை. கரண்ட் வர்ற வரைக்கும் கேளுங்க.

நம்ம சம்பத் கீறான்ல, அவன் அக்கா புருஷன் பரணிதரன். குட்டி பிளேன் ரிப்பேர் பண்றவன். ரெண்டாயிரத்து ஏழு, மே மாசம். அந்த மண் ரோட்டுக் கடைசியில ஒரு பொட்டல், ஒரு தகர ஷெட்டு. உள்ள ரெண்டு பேர் உக்கார்ற பிளேன். தாமோதரன்னு ஒருத்தர், பொண்ணு ஹரிப்ரியா ஓட்டறதுக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஏன் விக்கிறீங்கன்னு கேட்டதுக்கு, பழைய ஓனர் பேச்சை மாத்திட்டானாம்.

பரணிக்கு வேலை இன்னான்னா, இன்ஜின் மானிட்டர் மாட்டணும். டிபன் டப்பா சைஸ்ல ஒரு பொட்டி, முன்னாடி ஸ்கிரீன். இன்ஜின்ல நாலு சிலிண்டர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒயர் இழுத்துட்டா, எது எவ்ளோ சூடுன்னு தனித்தனியா நம்பர் காட்டும். லிமிட் தாண்டினா சிவப்பு. பொட்டியில ஆறு சிலிண்டருக்கு இடம் உண்டு. ஒயர் இல்லாத அஞ்சும் ஆறும் வெறும் கோடு காட்டணும்.

ஆறாம் நம்பர் கோடு காட்டிச்சு. அஞ்சு... இருபத்தொம்பது டிகிரி.

ஷெட்டுக்குள்ள நாப்பது டிகிரி வேகுது. தகரம் டொக்கு டொக்குன்னு சத்தம் போடுது. இருபத்தொம்பது எங்கிருந்து வரும்? செட்டிங்ல போயி நாலு சிலிண்டர்தான்னு போட்டான். அஞ்சு போகல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணான். போகல. ஒரு வாடை வேற... பெட்ரோல் இல்ல. பாசி புடிச்ச வலைக் கயித்துல வருமே, அது. கடல் முப்பது கிலோமீட்டர் அந்தாண்ட கீது.

இன்ஜினை ஓட்டிப் பார்த்தான். ரெண்டாம் நம்பர் சிவப்பாச்சு. இங்கதான் மனுஷன் தப்பு பண்ணான். இல்லாத அஞ்சையே காட்டற பொட்டி, ரெண்டையும் பொய்யாத்தான் காட்டும்னு நினைச்சுட்டான். பொட்டியைக் கழட்டி, பழைய மீட்டரையே மாட்டிட்டான். பழைய மீட்டர் மூணாவது சிலிண்டரை மட்டும்தான் பார்க்கும். ரெண்டாவது எரிஞ்சே போனாலும் அதுக்குத் தெரியாது.

"ஓட்டலாமாண்ணா?"ன்னு ஹரிப்ரியா கேட்டா.

"தாராளமா போம்மா. பொட்டிதான் பேஜாரு. இன்ஜின் நல்லா கீது."

சாயங்காலம் அவ தனியாக் கெளம்பினா. மாமல்லபுரம் போயி, கடல் மேலேயே புதுப்பட்டினம் வரைக்கும் பார்த்துட்டுத் திரும்பறதாப் பேச்சு. பரணி பொட்டியை மேஜை மேல வெச்சு, பேட்டரியை மட்டும் குடுத்து நோண்டிகினு இருந்தான். வேற ஒரு ஒயர் கிடையாது. அஞ்சு, அதே இருபத்தொம்பது.

டிக்... ஆறாம் நம்பர் எரிஞ்சுது. முப்பத்தேழு.

உத்துப் பார்த்தான். முப்பத்தாறு.

முப்பத்தேழுன்னா... கையை எடுத்து தன் கழுத்துல வெச்சுப் பார்த்தான். மனுஷ சூடு. தண்ணியில கெடக்கற ஒடம்புதான் இப்டி ஆறும். வாக்கிடாக்கியில அவளைக் கூப்ட்டான். கர்ர்ர்... அவ்ளோதான். பொட்டியில முப்பத்தஞ்சு.

புதுப்பட்டினத்துல மாயவன்னு மீன் புடிக்கிறவன், பரணிக்கு தோஸ்து. அவன் போட் மோட்டாரை இவன்தான் சரி பண்ணித் தருவான். போன் போட்டான். "மாயவா, பொண்ணு கடல்ல விழுந்துட்சு. பிளேன். போட்டை எடு. எப்டித் தெரியும்னு கேக்காத." மாயவன் கேக்கல. கடல்ல ஏதோ விழுந்த சத்தம்னு கரையில ஏற்கெனவே பேசிகினு இருந்தாங்களாம்.

பரணி பொட்டி முன்னாடி உக்காந்து அழுவுறான். நான் கொன்னுட்டேன், சிவப்பு காட்டியும் நான் கொன்னுட்டேன்னு. முப்பத்திநாலு... முப்பத்திமூணு... முப்பத்திரெண்டு. அங்க நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம்... முப்பத்திமூணு. ஏறுது.

போன் அடிச்சுது. ஒரே காத்து சத்தம், மோட்டார் சத்தம். மாயவன் கத்தறான். "அண்ணாத்த, உசுரு கீது. ரெண்டு பேரையும் தூக்கிட்டேன்."

பரணி போனைக் காதோட அழுத்தினான். "ரெண்டு பேரா? அது தனியாத்தானே போச்சு."

"ஒரு ஆளு கீறாரு அண்ணாத்த. பொண்ணு தலையைத் தூக்கிப் புடிச்சுகினு மிதந்தாரு. பேச மாட்றாரு. தொட்டா சில்லுன்னு கீறாரு. போர்வை குடுத்து பின்னாடி உக்கார வெச்சுகீறேன்."

பரணி பொட்டியைப் பார்த்தான். இருபத்தொம்பதுன்னா கடல் தண்ணி சூடு. அஞ்சு... முப்பது. முப்பத்தொண்ணு. முப்பத்திரெண்டு.

போட் கரை ஏறினப்போ ஊரே நின்னுச்சு. எறங்கினது ஹரிப்ரியா ஒருத்திதான். பின்பலகையில நனைஞ்ச போர்வை கெடந்துச்சு, ஆளு இல்ல. மாயவன் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணான். அன்னிக்கு ராத்திரி பரணி போயி அந்தப் பொண்ணு கால்ல விழுந்து அழுதான்னு சம்பத் சொல்றான். அவ இன்னிக்கும் நல்லாத்தான் கீறா.

அவ மண்ணுல கால் வெச்ச அதே நேரம், இங்க ஷெட்டுல ஆறாம் நம்பர் கோடாயிடுச்சு. அஞ்சு ஏறிகினே போயி முப்பத்தேழுல நின்னுச்சு. பரணி பேட்டரியைப் புடுங்கி, பொட்டியைத் துணியில சுத்தி வூட்டுப் பரண் மேல போட்டுட்டான்.

நம்ம சம்பத்துக்கு கை சும்மா இருக்காதே. போன வாரம் அக்கா வூட்டுக்குப் போனவன், எறக்கி பேட்டரி குடுத்துப் பார்த்துகீறான்.

அஞ்சு... முப்பத்தேழு. இப்பவும். அந்த ஆளு இப்போ கடல்ல இல்ல... கரையில எங்கியோ, நம்மள மாதிரி சூடா உக்காந்துகினு கீறான்.