ஸ்போர்ட் மாடல் என்ன விலை?

பிளஸ்ஸி: ...இல்ல சார், ரெண்டும் ஒரே இன்ஜின்தான். இந்த வெள்ளையும் சரி, பக்கத்துல நிக்கற சிவப்பும் சரி.

ஜெயக்கொடி: ஒரே இன்ஜின்னா, சிவப்புக்கு மட்டும் ஏம்மா ஒண்ணரை லட்சம் ஜாஸ்தி?

பிளஸ்ஸி: அது ஸ்போர்ட் மாடல் மேடம். மேல கருப்பு ரூஃப், பெரிய அலாய் வீல், உள்ள சீட்டுல சிவப்பு நூல் தையல்...

ஜெயக்கொடி: நூலுக்கா இவ்ளோ காசு?

அரிகிருஷ்ணன்: ஜெயா, அந்தப் பொண்ணை முழுசாப் பேச விடேன்.

ஜெயக்கொடி: நீங்க சும்மா இருங்க. கேக்கத்தானே வந்திருக்கோம்.

அரிகிருஷ்ணன்: பாக்க வந்திருக்கோம்.

ஜெயக்கொடி: ஆங்... வண்டி பாக்க.

பிளஸ்ஸி: பரவால்ல சார், அவங்க கேக்கட்டும். நூலுக்கு இல்ல மேடம். பத்து பேர் வந்தா எட்டு பேர் நடு மாடல்தான் எடுப்பாங்க. இதை எடுக்கறது ஒருத்தரோ ரெண்டு பேரோ. கம்மியா செய்யறதால ஒவ்வொரு வண்டி மேலயும் செலவு கூட விழும். அது பாதிக் காரணம்.

ஜெயக்கொடி: மீதி?

பிளஸ்ஸி: இதுதான் வேணும்னு வர்றவங்க விலை பாக்க மாட்டாங்க. அது கம்பெனிக்கு நல்லாத் தெரியும்.

அரிகிருஷ்ணன்: இப்படிச் சொல்லித்தான் விக்கறியாம்மா நீ?

பிளஸ்ஸி: எங்க மேனேஜர் ஷ்யாம்சுந்தர் சார் சொல்லச் சொன்னது வேற. "ஸ்போர்ட்ங்கறது ஒரு ஃபீலிங்"னு சொல்லணுமாம்.

அரிகிருஷ்ணன்: அந்த ஃபீலிங்குக்கும் ஜிஎஸ்டி உண்டா?

பிளஸ்ஸி: உண்டு சார்.

ஜெயக்கொடி: சிரிச்சது போதும். பேப்பர்ல ஆறு லட்சம்னு பெரிசாப் போட்டிருந்துச்சே, அது எந்த வண்டி?

பிளஸ்ஸி: அது பேஸ் மாடல் மேடம். அந்த விலை உங்களை இந்தக் கதவு வரைக்கும் கூட்டிட்டு வர்றதுக்கு. உள்ள வந்ததும் பின்னாடி கேமரா இல்லையா, பவர் விண்டோ இல்லையான்னு நீங்களே மேல ஏறிடுவீங்க.

ஜெயக்கொடி: எனக்குக் கேமரா மட்டும் போதும். அதை மட்டும் மாட்டித் தர மாட்டாங்களா?

பிளஸ்ஸி: மாட்டாங்க. கேமரா வேணும்னா அது கூட இன்னும் ஏழெட்டு ஐட்டம் சேர்ந்து வரும். தனித்தனியா விலை சொன்னா நீங்க கணக்குப் பாத்துடுவீங்கல்ல... இருங்க, காபி எடுத்துட்டு வரேன்.

அரிகிருஷ்ணன்: எதுக்கும்மா சிரமம்?

பிளஸ்ஸி: ஒரு சிரமமும் இல்ல சார். ரெண்டே நிமிஷம்.

ஜெயக்கொடி: ...போயிட்டாளா?

அரிகிருஷ்ணன்: போயிட்டா. மெதுவாப் பேசு.

ஜெயக்கொடி: போட்டோல பாத்ததை விட உயரமா இருக்காளே. நம்ம பையன் உதயாவை விட உயரமோ?

அரிகிருஷ்ணன்: ஹீல்ஸ் போட்டிருக்கா. அதையெல்லாம் அளக்கவா தாம்பரம் வரைக்கும் வந்த?

ஜெயக்கொடி: வாய் ஜாஸ்தி.

அரிகிருஷ்ணன்: விக்கற வேலை. வாய் இல்லாம எப்படி?

ஜெயக்கொடி: உங்களைப் பாத்து நாலு தடவை சிரிச்சாச்சு, நீங்க கவுந்துட்டீங்க.

அரிகிருஷ்ணன்: ஏன் ஜெயா, பையன் தை மாசத்துல இருந்து "ஒரே ஒரு தடவை அவளைப் பாரும்மா"ன்னு பின்னாடியே சுத்தறான். அப்பல்லாம் முடியாதுன்னுட்டு, இப்ப அவனுக்குத் தெரியாம கார் வாங்கற மாதிரி வந்து நிக்கறோம். அவனுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்.

ஜெயக்கொடி: அவன் கூட்டிட்டு வந்தா, புடவை கட்டிக்கிட்டு, தலை குனிஞ்சு நல்லபடியா நடந்துப்பா. நாம யாருன்னே தெரியாம இருக்கும்போதுதான் நிஜ குணம் தெரியும்.

அரிகிருஷ்ணன்: நம்ம குணம்?

ஜெயக்கொடி: வரா, வரா... வண்டியைப் பாருங்க.

பிளஸ்ஸி: இந்தாங்கம்மா. சார், இது உங்களுக்கு, சக்கரை போடாதது.

அரிகிருஷ்ணன்: எனக்கு சுகர்னு உனக்கு யார் சொன்னா?

பிளஸ்ஸி: இங்க வர்ற பாதிப் பேர் அப்படித்தான் சார் கேக்கறாங்க... வேணும்னா போட்டுத் தரேன்.

அரிகிருஷ்ணன்: வேணாம், இதுவே சரி. ஆமா, இதே வண்டி மத்த ஊர்லல்லாம் என்ன விலை?

பிளஸ்ஸி: ஊருக்கு ஊர் வேற சார். எங்க அண்ணன் சிங்கப்பூர்ல இருக்கான். அங்க வண்டியை விட, வண்டி வச்சுக்கறதுக்குக் குடுக்கற அனுமதிச் சீட்டுதான் விலை ஜாஸ்தியாம். அதுவும் பத்து வருஷத்துக்குத்தான். நான் இங்க கார் விக்கறேன், அவன் அங்க பஸ்ல போறான்.

ஜெயக்கொடி: வெளிநாட்டு வண்டி இங்க வந்தா?

பிளஸ்ஸி: கப்பல்ல முழுசா வந்து இறங்கினா வரியிலேயே விலை ரெண்டு மடங்கு ஆயிடும். நம்ம ஊர்லயே செஞ்சாலும், நாலு மீட்டருக்குள்ள அடங்கினா ஒரு வரி, தாண்டினா ஒரு வரி. அதான் சில வண்டிக்குப் பின்பக்கம் மட்டும் யாரோ கத்தி வச்சு வெட்டின மாதிரி இருக்கும்.

அரிகிருஷ்ணன்: சட்டமும் வேற வேறம்மா. நாங்க கப்பல்ல ஏத்தினதுல ஏர்பேக் கட்டாயம். இங்க விக்கறதுல அப்பல்லாம் கேட்டாத்தான். குளிர் நாட்டுக்குப் போறதுல சீட்டுக்கு அடியில ஹீட்டர் இருக்கும். மே மாசம், மறைமலை நகர் வெயில்ல, சீட்டு சூடாகுதான்னு நாங்க உக்காந்து பாக்கணும்.

ஜெயக்கொடி: ஏங்க...

பிளஸ்ஸி: சார் கார் கம்பெனியிலயா இருந்தீங்க?

அரிகிருஷ்ணன்: அது... வந்து... ஆமாம்மா. ரொம்ப வருஷம். இப்ப அந்த பிளான்ட் மூடியாச்சு.

பிளஸ்ஸி: அப்ப இவ்ளோ நேரம் உங்களுக்கா நான் பாடம் எடுத்தேன்?

அரிகிருஷ்ணன்: நான் சீட்டு மாட்டினவன்மா. வண்டியை என்ன விலைக்கு விக்கறாங்கன்னு எங்ககிட்ட யாரும் சொன்னதில்ல. நீ சொல்லித்தான் நிறைய விளங்குது.

பிளஸ்ஸி: ஓட்டிப் பாக்கறீங்களா சார்? லைசென்ஸ் காட்டினாப் போதும்.

அரிகிருஷ்ணன்: லைசென்ஸா...

ஜெயக்கொடி: வீட்ல வச்சுட்டு வந்துட்டார்.

பிளஸ்ஸி: அதனால என்ன, நான் ஓட்டறேன். பெருங்களத்தூர் வரைக்கும் போய்த் திரும்பிடலாம். அம்மா, நீங்க முன்னாடி வாங்க. பெல்ட் போட்டுக்கங்க. சார், நீங்களும்தான்.

ஜெயக்கொடி: ...நல்லாத்தான் ஓட்டற. யார் கத்துக் குடுத்தா?

பிளஸ்ஸி: எங்க அப்பா. ரயில்வே ஷெட்ல வேலை. மின்சார ரயிலையே பிரிச்சு மாட்டுவார், ஆனா கார் ஓட்டத் தெரியாது. பக்கத்துல உக்காந்து "மெதுவா, மெதுவா"ன்னு சொல்லிட்டே இருப்பார். அதுலயே கத்துக்கிட்டேன்.

ஜெயக்கொடி: அம்மா?

பிளஸ்ஸி: நான் பிளஸ் டூ படிக்கும்போது தவறிட்டாங்க.

ஜெயக்கொடி: ...ம்.

அரிகிருஷ்ணன்: யப்பா, பள்ளத்துல தூக்கிப் போடுது.

பிளஸ்ஸி: அதான் சார் ஸ்போர்ட். சஸ்பென்ஷன் கெட்டியா வச்சிருப்பாங்க. வளைவுல சாயாது, ஆனா பள்ளத்துல பின் சீட்டுக்காரங்க பாடு கஷ்டம். இதுல நிஜமான ஸ்போர்ட் வண்டி ஒண்ணு வருது, அதுக்கு இன்ஜினே வேற, பிரேக் வேற. இன்னும் மூணு லட்சம் ஆகும். நாம போற இந்த ஜிஎஸ்டி ரோட்ல சாயங்காலம் அதுவும் முப்பதுலதான் போகும்.

ஜெயக்கொடி: இந்த நூல்... இழுத்துத் தைச்சிருக்கான். நாள் ஆக ஆகச் சுருங்கும்.

பிளஸ்ஸி: உங்களுக்குத் தையல் தெரியுமாம்மா?

அரிகிருஷ்ணன்: தெரியுமாவா? சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் சீட் கவர் கம்பெனியில அவ தைச்சதைத்தான் நான் பிளான்ட்ல மாட்டினேன். ஏத்துமதி வண்டிக்கு சிவப்பு நூல், உள்ளூர் வண்டிக்கு சாம்பல் நூல்.

பிளஸ்ஸி: அப்ப உங்களுது காதல் கல்யாணமா...

ஜெயக்கொடி: அதெல்லாம் இப்ப எதுக்கு?

பிளஸ்ஸி: சொல்லுங்கம்மா, சிக்னல் விழுந்திருக்கு.

ஜெயக்கொடி: என்னத்தைச் சொல்ல... ஒரு நாள் இவர் ஒரு சீட்டைத் தூக்கிக்கிட்டு வந்து, "தையல் விலகியிருக்கு, யார் தைச்சது?"ன்னு நின்னார். நான்தான்னேன். அங்க பாரு, இங்க பாருன்னு ஒரு மணி நேரம் சண்டை. தையல் எங்கயும் விலகல.

அரிகிருஷ்ணன்: விலகியிருந்துச்சு.

ஜெயக்கொடி: விலகல. அடுத்த வாரம் இன்னொரு சீட்டு. அதுக்கடுத்த வாரம் இன்னொண்ணு. எங்க சூப்பர்வைசர் அப்பாதுரை கடைசியில கேட்டே போட்டார், "தம்பி, உனக்கு தையல் மேல குறையா, தைக்கற பொண்ணு மேல குறியா?"ன்னு.

பிளஸ்ஸி: சார் என்ன சொன்னார்?

ஜெயக்கொடி: என்ன சொல்லுவார்... சீட்டை மறந்து விட்டுட்டு ஓடிட்டார். அதைத் திருப்பிக் குடுக்க நான் போக வேண்டியதாப் போச்சு.

அரிகிருஷ்ணன்: பெருங்களத்தூர் வந்துடுச்சா? இங்கதான்மா கம்பெனி பஸ் நிக்கும். காலையில ஆறு மணி ஷிஃப்டுக்கு எல்லாரும் தூங்கிக்கிட்டே ஏறுவோம். இவ கம்பெனி வேன் பின்னாடியே வரும். கடைசி சீட்ல உக்காந்து திரும்பித் திரும்பிப் பாத்தே எனக்குக் கழுத்து வலி வந்துச்சு. டாக்டர் தலையணையை மாத்தச் சொன்னார்.

ஜெயக்கொடி: சில நாள் இவரே லைன் முடிவுல வண்டியை எடுத்து யார்டுல விடுவார். சிவப்பு நூல் வண்டி வந்தா அன்னைக்கு ஒரு சுத்து கூட சுத்துவாராம்.

அரிகிருஷ்ணன்: நீ தைச்சது. வேற யாரோ ஓட்டப் போறாங்க, அதுக்கு முன்னாடி நான் ஒரு சுத்து உக்காந்து போறேன்னு இருக்கும். வரிசையா கடல் மாதிரி நிக்கும்மா வண்டிங்க, ஸ்டியரிங் எல்லாம் இடது பக்கம். இப்ப அந்த யார்டுல புல்லுதான்.

பிளஸ்ஸி: வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?

ஜெயக்கொடி: நாங்க வேற வேற ஆளுங்க. திருநீர்மலையில கல்யாணம். எங்க பக்கம் நாலு பேர், இவர் பக்கம் லைன்ல இருந்த பசங்க. எங்க மாமியார் வரல.

அரிகிருஷ்ணன்: அம்மா அப்புறம் சரியாயிட்டாங்க...

ஜெயக்கொடி: அப்புறம் சரி. முன்னாடி? ஒரு தடவை வந்து என் மூஞ்சியைப் பாக்கல. பாத்துட்டுப் பிடிக்கலைன்னு சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும். பாக்காமலே வேணாம்னாங்க.

பிளஸ்ஸி: பிடிச்சுக்கங்கம்மா. யூ டர்ன் எடுக்கறேன்.

ஜெயக்கொடி: உனக்குக் கல்யாணம் பேசறாங்களா?

அரிகிருஷ்ணன்: ஜெயா, ஷோரூம்ல கேக்கற கேள்வியா இது?

பிளஸ்ஸி: இருக்கட்டும் சார். ஒருத்தரைப் பிடிச்சிருக்கும்மா. எங்க அப்பா சரின்னுட்டார். அவங்க வீட்லதான்... நான் சர்ச்சுக்குப் போறவ. அவங்க வீட்டு வழக்கம் வேற.

ஜெயக்கொடி: பையன் என்ன சொல்றான்?

பிளஸ்ஸி: அம்மா சரின்னு சொல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்கறார். முதல்ல எனக்குக் கோபம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், அம்மாவை அப்படி நினைக்கறவர் என்னையும் பாதியில விட மாட்டார்ல.

ஜெயக்கொடி: ...ஜன்னலை இறக்கும்மா கொஞ்சம். ஏசி கண்ணுல அடிக்குது.

அரிகிருஷ்ணன்: பிளஸ்ஸி, நிஜமாச் சொல்லு. எங்களுக்கு எந்த மாடல் சரி வரும்?

பிளஸ்ஸி: நடு மாடல் சார். ஸ்போர்ட் வித்தா எனக்கு இன்சென்டிவ் வரும், ஆனா நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா ஊர் சுத்தணும்னா பின்னாடி முதுகு வலிக்காத வண்டிதான் வேணும். அவசரம் இல்லன்னா டிசம்பர் வரைக்கும் பொறுங்க, வருஷக் கடைசியில விலை இறங்கும்.

அரிகிருஷ்ணன்: ஷ்யாம்சுந்தர் சார் உன்னை எப்படி வேலையில வச்சிருக்கார்?

பிளஸ்ஸி: இப்படிச் சொல்றதாலதான் சார் ஆளுங்க திரும்பி வர்றாங்க. வந்தாச்சு, பாத்து இறங்குங்கம்மா... படி இருக்கு. கையைப் பிடிச்சுக்கங்க.

ஜெயக்கொடி: பிளஸ்ஸி.

பிளஸ்ஸி: சொல்லுங்கம்மா.

ஜெயக்கொடி: வருத்தப்படாத. அந்தப் பையனோட அம்மா ஒரு தடவை வந்து உன்னைப் பாத்தா... வேணாம்னு சொல்ல அவளுக்கு வாய் வராது. நான் சொல்றேன்.

அரிகிருஷ்ணன்: ஜெயா... வா, போலாம்.

பிளஸ்ஸி: வந்து பாத்துட்டாங்க அத்தை. உதயா போன்ல இருக்கற முதல் போட்டோவே நீங்க ரெண்டு பேரும்தான்... கதவைத் திறந்து உள்ள வரும்போதே தெரியும். எனக்கும் உங்களைப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு, அதான் வாயைத் திறக்கல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க, அப்பா இருப்பார். உதயாகிட்ட மட்டும் அதுவரைக்கும் சொல்லிடாதீங்க... நம்ம மூணு பேர் மாதிரி இல்ல அவர், எதையும் மறைக்கத் தெரியாது.