வடக்குத் துணையினமும் எட்டு நாள் குளிரும்

மேடையில் இருக்கும் அருங்காட்சியக இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் மகளே, வடக்கு மலையிலிருந்து லாரி பிடித்து வந்து பின்னால் நிற்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் நல்லதாக நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். நல்லதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் கேட்பதற்குச் சுகமாக இருக்காது.

பூச்சிப் பிரிவின் தலைவர், நாமெல்லாம் ‘ஊசியம்மா’ என்று அழைத்த அந்த ஆராய்ச்சியாளர், பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு வண்ணத்துப்பூச்சியை உலகத்துக்கு அறிவித்தார். பின்சிறகில் இரட்டை வால் உள்ள மஞ்சள் பூச்சி. வடக்கு மலையில் கிடைத்தவற்றில், உடலை ஒட்டிய கறுப்புப் பட்டை தெற்கில் உள்ளதைவிட இரண்டு மடங்கு அகலம். அறுபத்திரண்டு பூச்சிகளை அளந்து, இது அதே இனத்துக்குள் ஒரு தனிக் கிளை, தனித் துணையினம் என்று எழுதினார். எங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் அந்தச் செய்தியைப் போட்டவன் நான். அந்தச் செய்தியைக் காட்டித்தான் மலை மக்கள் வடக்கு மலையில் கல்குவாரிக்குத் தடை வாங்கினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.

போன மாதம் அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் அகலப் பட்டைப் பூச்சிகள். இடது பெட்டி வடக்கு என்றார். வலது பெட்டி?

“தெற்குதான். கூட்டுப்புழுவா எட்டு நாள் ஃப்ரிட்ஜுல வச்சேன். இப்படி வந்திருக்கு.”

கூட்டுப்புழுவில் குளிர் பட்டால் பட்டை அகலமாகிவிடுகிறது என்று அவர் விளக்கினார். அந்த அறுபத்திரண்டில் இருபத்தொன்று வலையில் பிடித்தவை அல்ல. கூட்டுப்புழுவாகக் கொண்டுவந்து அறையில் வளர்த்தவை. அந்த நேரத்தில் மகள் காய்ச்சலில் மருத்துவமனையில் படுத்துவிட்டாள். ஆள் இல்லாதபோது பூச்சி வெளிவந்தால் பெட்டியில் மோதிச் சிறகு கிழிந்துவிடும். அதனால், வெளிவருவதைத் தள்ளிப்போட, பெட்டியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஓடினார். பூச்சி வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். மகளே, இதில் உன் பிழை எதுவும் இல்லை. பூச்சியின் ஊசியில் குத்தும் சீட்டில் இடமும் தேதியும் எழுதியவர், குளிரை எழுத மறந்தார். இதுதான் அந்தத் துணையினம் என்று உலகத்துக்குக் காட்டும் மூல மாதிரியும் அந்த இருபத்தொன்றில் ஒன்று.

மீதி நாற்பத்தொன்றை மறுபடி அளந்திருந்தார். சிலவற்றில் பட்டை அகலம், சிலவற்றில் இல்லை. துணையினம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இதை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. யாருக்குத் தெரியும்? அவருக்கு மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு ஓய்வு பெற்றிருக்கலாம் அல்லவா?

இதையெல்லாம் ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தின் நகலை என்னிடம் நீட்டி, உங்கள் பத்திரிகையிலும் போடுங்கள் என்றார். வழக்கு முடியட்டும் என்றேன் நான்.

“என் வயசைத் தப்பா போட்டப்போ மறுநாளே திருத்தம் போட்டீங்களே, நிருபரே. இதுக்கு மட்டும் நாள் பார்க்கணுமா?”

சிரித்து மழுப்பினேன். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

கூட்டம் தொடங்குமுன் மலையிலிருந்து வந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அப்போ எங்க மலை?” என்று கேட்டார். குவாரிக்காரர்கள் நாளை என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று செய்வேன். மழை ஓய்ந்ததும் அவருடைய பிரிவு ஆய்வாளர்கள் வலையோடு மலைக்குப் போகிறார்கள். நானும் போகிறேன். பெரியவர்களே, நீங்களும் கூட வாருங்கள். பறப்பதை மட்டும் பிடிப்போம், அளப்போம். என்ன வருகிறதோ, அதை அப்படியே எழுதுவோம்.

இன்று காலை அந்த மூல மாதிரியைப் பார்த்தேன். ஊசியில் பழைய சீட்டுக்குக் கீழே புதிதாக ஒரு சீட்டு குத்தியிருக்கிறது. அவர் கையெழுத்து: ‘கூட்டுப்புழு எட்டு நாள் குளிரில் இருந்தது. வைத்தது நான்.’

அம்மா, உங்கள் கடிதம் நாளை முதல் பக்கத்தில் வருகிறது, அன்று வந்த அதே அளவில். அதற்குக் கீழே என் பெயரில் ஒரு வரியும் வரும்: ஒரு மாதம் தாமதம், தாமதித்தது நான்.