ஆளுக்கொரு பதிப்பு

என் பெயரும் விலாசமும் மேலே கண்டபடி. வயது முப்பத்தொன்று. லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வழக்கில் காவலில் இருப்பவர் என் மாமா, அக்காவின் கணவர். எங்கள் நிறுவனத்தில் முடிந்த மென்பொருளை லிஃப்டுகளுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு.

சென்ற மாதக் கூட்டத்தில் மேலாளர், "கம்பைலர் வெர்ஷனை எல்லாரும் லாக் பண்ணிடுங்க" என்றார். கம்பைலர் என்பது நாங்கள் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள். அது தானாகப் புதிய பதிப்புக்குப் போய்விடாமல் நிறுத்தி வைப்பதே லாக். அதன் பிறகு நான் என் கணினியில் நிறுத்தினேன், சோதனை பார்ப்பவர் தன் கணினியில் நிறுத்தினார், மாமா, லிஃப்டுகளுக்கு அனுப்பும் மென்பொருளைத் தயாரிக்கும் இயந்திரத்தில் நிறுத்தினார். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் "ஆச்சு" என்றோம். எந்தப் பதிப்பு என்று மேலாளரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவரவரிடம் இருந்ததை அவரவர் பூட்டியிருந்தோம்.

அதன் பிறகு சோதனையில், ஏதாவது குறுக்கே வந்தால் லிஃப்ட் கதவு ஒழுங்காக நின்றது. மாமா அனுப்பினார். அதன் பிறகு ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருவரின் கை கதவில் மாட்டியது. கதவு திறக்கவில்லை. இரண்டு விரல்கள் போய்விட்டன. மருத்துவமனைக்குப் போனேன். அவர் தன் மகளிடம், கை வெளியே தெரியாமல் போர்த்திவிடச் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

காவல் ஆய்வாளர், "ஒரு எழுத்துகூட மாத்தலேங்கறீங்க, அப்புறம் கதவு எப்படிம்மா மாறும்?" என்று கேட்டார். கதவில் ஏதாவது தடுக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும் பகுதியை, மாமாவின் இயந்திரத்தில் இருந்த வேறு கம்பைலர் பதிப்பு வீண்வேலை என்று தானே நீக்கிவிட்டது என்றேன். "அப்போ மாத்தினது யாரு?" என்றார்.

"யாரும் மாத்தல சார். மாறக் கூடாதுன்னுதான் எல்லாத்தையும் செஞ்சோம்."

ஆய்வாளர் என் வாக்குமூலத்தை எழுதுபவரைப் பார்த்தார். எழுதுபவர் என்னைப் பார்த்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே குழம்புகிறது.

அக்கா வெளியே பெஞ்சில் இருக்கிறாள். "மாமா மேல தப்பில்லேன்னு மட்டும் சொல்லு, போதும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அதற்குத்தான் வந்தேன். அவர் இடத்தில் யார் இருந்து அனுப்பியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். அந்த இயந்திரத்தில் அந்தப் பதிப்பை நிறுத்தியது மாமாதான் என்று அதில் இருந்தது. நான் வருவதற்கு முன்பு அது இவர்களுக்குத் தெரியாதாம். அந்த வரியை எடுத்துவிடக் கேட்டேன்.

"அது பொய்யாம்மா?" என்றார் ஆய்வாளர்.

இல்லை என்றேன். நான் சொன்னவை யாவும் உண்மை, யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

(கையொப்பம்)